ஜெர்மன் இலக்கியமும் மொழியியலும் பல்கலைக்கழகத்தில் படித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் ‘கெர்மானிஸ்டிக்’ என்ற பெயரில் நடத்தப்படும் பட்டப்படிப்பைப் பற்றி, பிளஸ் டூ முடித்தவர்களும் ஏற்கெனவே ஓர் இலக்கியப் பட்டம் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. விசா, கட்டணம் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆகவே படிப்பின் உள்ளடக்கத்துக்கே கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

கெர்மானிஸ்டிக் என்பது ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொள்வதற்கான படிப்பா?

இல்லை. முதல் நாளிலேயே பேராசிரியர் ஜெர்மனில் விரிவுரை ஆற்றுவார். பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். சென்னையில் தமிழ் எம்.ஏ. வகுப்பில் ஒருவருக்கு உயிரெழுத்து, மெய்யெழுத்து சொல்லித் தருவதில்லை அல்லவா, அதே நிலைதான் இங்கும். இலக்கணப் பிழைகளைத் திருத்திக்கொள்வதும் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்வதும் மாணவரின் சொந்தப் பொறுப்பு.

மொழியைப் பேசவும் எழுதவும் கற்பதே நோக்கம் என்றால், ஜெர்மன் மொழியைக் கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் வகுப்புகள் இதைவிட விரைவானவை, செலவும் குறைவு. வாசிப்பதிலும், வாசித்ததைப் பற்றி வாதிட்டு எழுதுவதிலும் விருப்பமுள்ளவருக்கே இந்தப் பட்டப்படிப்பு பொருந்தும்.

படிப்பு எந்தெந்தப் பிரிவுகளைக் கொண்டது?

இளங்கலைப் பட்டம் பொதுவாக ஆறு பருவங்கள், 180 மதிப்பலகுகள். முதுகலை நான்கு பருவங்கள், 120 மதிப்பலகுகள். ஒரு மதிப்பலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பாகக் கணக்கிடப்படுகிறது. பல இடங்களில் வரலாறு, மெய்யியல், வேறொரு மொழி என இரண்டாவது பாடம் ஒன்றையும் உடன் எடுக்க வேண்டியிருக்கும்.

பாடத்துக்குள் மூன்று துறைகள் உண்டு: சுமார் 1500க்குப் பிந்தைய இலக்கியத்தை ஆராயும் நவீன இலக்கியத் துறை, அதற்கு முந்தைய மொழியையும் இலக்கியத்தையும் ஆராயும் இடைக்காலத் துறை, மொழியியல் துறை. முதல் ஆண்டில் மூன்றுக்கும் அறிமுக வகுப்புகள் கட்டாயமாக இருக்கும். அதன் பின்னரே விருப்பத் துறையின் பக்கம் சாய முடியும்.

இடைக்கால ஜெர்மனை எதற்காகப் படிக்க வேண்டும்? அதைத் தவிர்க்க முடியுமா?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தவிர்க்க முடியாது. வெளிநாட்டு மாணவர்கள் மட்டுமல்லர், ஜெர்மானிய மாணவர்களும் முதலில் அஞ்சுவது இந்தப் பகுதியைக் கண்டுதான். ஏறத்தாழ 1050 முதல் 1350 வரை வழங்கிய மொழியை ‘நடு உயர் ஜெர்மன்’ என்பார்கள். சுமார் 1200இல் எழுதப்பட்ட ‘நீபெலுங்கென்லீட்’ என்னும் வீரகாவியத்தையோ அதே காலத்துக் காதல் பாடல்களையோ, லெக்ஸெர் தொகுத்த கையடக்க அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக இன்றைய ஜெர்மனுக்குக் கொண்டுவருவதே முதல் பருவத்தின் வேலை. பரிச்சயமானவைபோலத் தோன்றும் சொற்களே இங்கு அதிகம் ஏமாற்றும். இன்று திருமணத்தைக் குறிக்கும் ‘ஹோக்ட்ஸைட்’ அன்று எந்தப் பெருவிழாவையும் குறித்தது. அகராதியைத் திறக்காமல் மொழிபெயர்த்த மாணவர் அரண்மனை விருந்துகளையெல்லாம் கல்யாணமாக்கிவிடுவார்.

இப்பகுதியின் உண்மையான பயன் சுவடியியலில் இருக்கிறது. மேற்சொன்ன காவியத்தின் மூன்று முதன்மைச் சுவடிகள் மியூனிக், சங்க்ட் காலென், கார்ல்ஸ்ரூஹே ஆகிய நகரங்களில் உள்ளன. அவற்றை முறையே ஏ, பி, சி என்று குறிப்பிடுவது வழக்கம். ‘பழங்கதைகளில் பல அற்புதங்கள் நமக்குச் சொல்லப்பட்டுள்ளன’ என்று தொடங்கும் புகழ்பெற்ற முதல் செய்யுள் ஏ, சி சுவடிகளில் இருக்கிறது, பி சுவடியில் இல்லை. அப்படியானால் காவியத்தின் தொடக்கம் எது, மூலபாடம் என்று எதைச் சொல்வது, 1826இல் ஏ சுவடியை அடிப்படையாகக் கொண்டு பதிப்பித்த கார்ல் லாஹ்மன் எந்த நியாயத்தில் அதைத் தேர்ந்தார் என்ற கேள்விகளை ஒரு பருவம் முழுவதும் விவாதிப்பார்கள். பாடவேறுபாடுகளோடு பதிப்பிக்கப்பட்ட சங்க நூல்களைப் பார்த்துப் பழகிய தமிழ் மாணவருக்கு இந்த விவாதம் அந்நியமாக இருக்காது. கட்டாயம் என்பதற்காக உள்ளே போய், முதுகலையில் இதையே சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் உண்டு.

மொழியியல் வகுப்பில் என்ன கற்பிக்கப்படுகிறது?

ஒலியியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல், மொழி வரலாறு, வட்டார வழக்கு, பேச்சு ஆய்வு எனப் பட்டியல் நீளமானது. அறிமுக வகுப்பின் போக்கை ஒரே வாக்கியத்தைக் கொண்டு காட்டலாம். ‘கெஸ்டர்ன் ஹாட் டீ ஷ்டுடென்டின் ஐனென் ரோமான் கெலேஸென்’ என்றால் ‘நேற்று அந்த மாணவி ஒரு நாவல் படித்தாள்’ என்று பொருள். இதில் ‘ஹாட்’ என்ற துணைவினை இரண்டாம் இடத்திலும், ‘கெலேஸென்’ என்ற வினையெச்ச வடிவம் இறுதியிலும் நிற்கின்றன; இரண்டும் சேர்ந்து வாக்கியத்தை ஓர் அடைப்புக்குறிபோல அணைத்துக்கொள்கின்றன. அடைப்புக்கு முன்னுள்ள இடம் முன்களம், உள்ளே இருப்பது நடுக்களம், அடைப்புக்குப் பின்னால் ஏதேனும் வந்தால் அது பின்களம். முன்களத்தில் பொதுவாக ஒரே ஓர் உறுப்புக்குத்தான் இடம். ‘நேற்று’ அங்கே அமர்ந்துவிட்டால் எழுவாய் நடுக்களத்துக்கு நகர வேண்டும்.

இதே செய்தியை ஒரு காரணத் துணைவாக்கியமாக மாற்றினால் ‘ஹாட்’ வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். வினைமுற்றை இறுதியில் வைத்துப் பழகிய தமிழருக்குத் துணைவாக்கியம் இயல்பாகவே கைவரும். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் நெடுநாள் வரை தடுக்கும்.

வட்டார வழக்கு ஆய்வுக்கென ஒரு நல்ல வரலாறு உண்டு. 1876இல் கேயோர்க் வெங்கர் என்ற மொழியறிஞர் ரைன் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வாக்கியங்களை அனுப்பி, அவற்றை அவ்வூர்ப் பேச்சில் எழுதித் தருமாறு கேட்டார். ‘குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் காற்றில் பறக்கின்றன’ என்பது பின்னர் நிலைபெற்ற பட்டியலில் முதலாவது. பின்னர் ஜெர்மன் பேரரசு முழுவதும் விரிந்த இந்தக் கணக்கெடுப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து நிரப்பப்பட்ட தாள்கள் வந்து சேர்ந்தன. மார்புர்க் நகரில் அவை நிலப்படங்களாயின. வடக்கே ‘மாகென்’ என்றும் தெற்கே ‘மாஹென்’ என்றும் ஒரே வினையை ஒலிக்கும் மக்களைப் பிரிக்கும் கோடு, டுஸல்டோர்ஃப் நகரின் பென்ராட் பகுதியில் ரைன் ஆற்றைக் கடக்கிறது. அந்த ஆசிரியர்கள் கைப்பட எழுதிய தாள்களை இன்று இணையத்திலேயே புரட்டிப் பார்க்கலாம். இன்றைய வழக்கை ஆராய்பவர்களுக்கு, 1964இல் மன்ஹைமில் நிறுவப்பட்ட ஜெர்மன் மொழி நிறுவனத்தின் தரவகம் இருக்கிறது. அதில் 5,000 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் தொகுக்கப்பட்டுள்ளன.

இலக்கிய வகுப்புகள் எப்படி நடக்கும்? நூல்களின் கதைச்சுருக்கம் தெரிந்தால் போதுமா?

கதைச்சுருக்கத்தால் ஒரு பயனும் இல்லை. கேயோர்க் பியூஷ்னரின் ‘வோய்ட்செக்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளலாம். பியூஷ்னர் 1837இல் சூரிக் நகரில் டைஃபஸ் கண்டு இறந்தபோது அவருக்கு வயது 23. நாடகம் முடிவு பெறாத கைப்பிரதிகளாகக் கிடந்தது. மை மங்கிப்போயிருந்தது, எழுத்து படிக்க முடியாததாக இருந்தது, காட்சிகளுக்கு உறுதியான வரிசையும் இல்லை. கார்ல் எமில் ஃபிரான்ட்சோஸ் என்பவர் தாள்களை வேதிப்பொருளால் துலக்கிப் படித்து 1870களின் இறுதியில் வெளியிட்டார். நாயகனின் பெயரை அவர் ‘வொட்செக்’ என்று தவறாகப் படித்துவிட்டார். இசையமைப்பாளர் அல்பான் பெர்க் 1925இல் அரங்கேற்றிய இசைநாடகம் இன்றும் அந்தப் பிழையான பெயரையே தாங்கி நிற்கிறது. 1824இல் லைப்சிக் நகரில் கொலைக்குற்றத்துக்காகத் தலை துண்டிக்கப்பட்ட ஒரு முடிதிருத்துநரின் வழக்கே நாடகத்துக்கு மூலம். அவருடைய மனநிலை குறித்து மருத்துவர் எழுதிய அறிக்கையும் அச்சில் கிடைக்கிறது.

இத்தகைய பிரதியை வைத்து நடக்கும் வகுப்பில், எந்தக் காட்சி முதலில் வர வேண்டும், அதை மாற்றி வைத்தால் கொலைக்கான காரணம் எப்படி மாறுகிறது, மருத்துவ அறிக்கையின் எந்தத் தொடர்கள் நாடகத்தில் யார் வாயில் வருகின்றன என்றெல்லாம் கேள்விகள் எழும். பிரதியின் பக்க எண்ணைச் சொல்லாமல் முன்வைக்கும் கருத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை.

வாசிக்க வேண்டியவற்றின் பட்டியல் லெஸ்ஸிங், கோத்தே, ஷில்லர், கிளைஸ்ட், ஃபொன்டானே, காஃப்கா, பிரெக்ட், செலான், பாஹ்மன், கிறிஸ்டா வொல்ஃப் என்று செல்லும். ருமேனியாவில் பிறந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற ஹெர்டா ம்யுல்லர், துருக்கியில் பிறந்து 2022இல் பியூஷ்னர் விருது பெற்ற எமினே செவ்கி எஸ்டமார் போன்றோரும் அதில் இப்போது வழக்கமான பெயர்கள். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 1867இல் கோத்தேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தை முதல் எண்ணாகக் கொண்டு லைப்சிக்கில் தொடங்கிய ரெக்லாம் வரிசையின் சின்னஞ்சிறு மஞ்சள் புத்தகங்கள் சில யூரோக்களுக்குக் கிடைக்கின்றன. ஓரங்களில் பென்சில் குறிப்புகள் நிறைந்த பழைய பிரதி அதைவிட மலிவு. முன்பு படித்தவர் கவனமானவராக இருந்தால் அதைவிடப் பயனும் கூட.

பண்பாடு என்ற பகுதியில் என்ன படிக்கிறார்கள்?

உணவு, உடை, திருவிழா பற்றிய அறிமுகத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். ஊடகம், நினைவு, புலம்பெயர்வு, பாலினம், பிளவுண்டிருந்த நாட்டின் இரு இலக்கியங்கள் ஆகியவையே பேசுபொருள். இத்துறை தன்னுடைய வரலாற்றையே பாடமாக வைத்திருப்பதுதான் எனக்கு இதில் மிகவும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

1846இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் யாகோப் கிரிம் தலைமையில் சட்டவியலாளர்களும் வரலாற்றாளர்களும் மொழியறிஞர்களும் கூடிய மாநாட்டில்தான் ‘கெர்மானிஸ்ட்’ என்ற பெயர் நிலைபெற்றது. ஒரே மொழி பேசுவோருக்கு ஒரே நாடு வேண்டும் என்ற அரசியல் விருப்பம் அன்றே துறைக்குள் இருந்தது. 1933 மே 10 அன்று பல்கலைக்கழக நகரங்களில் நாஜி ஆதரவு மாணவர் அமைப்பினர் நூல்களை எரித்தபோது, அந்த நிகழ்வுகளில் கலந்துகொண்டு பேசியவர்களில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர்களும் இருந்தார்கள். போர் முடிந்து இருபது ஆண்டுகள் இதைப் பற்றிப் பேச்சில்லை. 1966இல் மியூனிக்கில் நடந்த துறை மாநாட்டில் எபெர்ஹார்ட் லெம்மெர்ட் போன்ற இளைய ஆய்வாளர்கள்தாம் இதை வெளிப்படையாக எடுத்தார்கள்.

எல்லாம் அத்துடன் தீர்ந்துவிடவும் இல்லை. ஹான்ஸ் ஷ்வெர்ட்டெ என்ற பெயரில் ஃபவுஸ்ட் பற்றிய மதிப்புமிக்க நூலொன்றை எழுதி, 1970 முதல் 1973 வரை ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், உண்மையில் பெயரை மாற்றிக்கொண்ட, நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி ஹான்ஸ் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் என்பது 1995இல்தான் வெளியே வந்தது. அவர் எழுதிய நூலை இன்று எப்படி வாசிப்பது என்பது இப்போதும் கேட்கத் தகுந்த கேள்வி.

தேர்வு முறை எப்படி? மனப்பாடம் செய்ய வேண்டுமா?

அறிமுக வகுப்புகளின் முடிவில் எழுத்துத் தேர்வு இருக்கும். அதைக் கடந்த பின் பெரும்பாலும் பருவக் கட்டுரைகள்தாம். ‘ஹவுஸ்ஆர்பைட்’ எனப்படும் இக்கட்டுரை தொடக்கப் பருவங்களில் பன்னிரண்டு முதல் பதினைந்து பக்கம் வரையும், பின்னர் இருபதைத் தாண்டியும் இருக்கும். வகுப்புகள் முடிந்து விடுமுறை தொடங்கிய பிறகே இதை எழுதுவார்கள். ஆகவே அந்த ‘விடுமுறை’ பெயரளவுக்குத்தான்.

நம் கல்லூரிகளில் படித்தவர்கள் தடுமாறும் இடமும் இதுவே. தலைப்பை ஆசிரியர் தர மாட்டார். மாணவரே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய் விளக்கி, ஒப்புதல் பெற வேண்டும். ‘காஃப்காவின் படைப்புகளில் தனிமை’ என்று சொன்னால் புன்னகையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு சிறுகதையை எடுத்து, அதில் கதவுகள் திறக்கப்படும், மூடப்படும் இடங்களை மட்டும் பார்த்து, கதைசொல்லியின் பார்வைக் கோணத்துக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பேச்சு தொடரும். கட்டுரையில் முந்தைய ஆய்வாளர்களைப் போற்றுவதால் மதிப்பெண் கூடாது. அவர்களோடு எங்கே உடன்படுகிறோம், எங்கே மாறுபடுகிறோம் என்று காட்ட வேண்டும். பிறர் எழுத்தை மூலம் குறிப்பிடாமல் எடுத்தாளவில்லை என்று கையொப்பமிட்ட உறுதிமொழியும் கடைசித் தாளாக இணைக்கப்படும். மதிப்பெண்ணில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி. ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது இதை முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது.

கால அட்டவணையில் பத்து மணி என்று போட்டிருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும். இந்தக் ‘கல்விக் கால்மணி’ முறை பல பல்கலைக்கழகங்களில் இன்றும் உண்டு.

எவ்வளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும்?

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஜெர்மன் மொழித் தேர்வுகளான டி.எஸ்.ஹா.வில் இரண்டாம் நிலை, அல்லது டெஸ்ட்டாஃபின் நான்கு பகுதிகளிலும் நான்காம் நிலை என்பது வழக்கமான நிபந்தனை. இந்தப் பாடத்துக்கென்று அதற்கும் மேலே கேட்கும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. ஏறத்தாழ, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு படிகளில் ஐந்தாவதான சி1 நிலை என்று கொள்ளலாம். என் கருத்தில், சான்றிதழைவிட நம்பத்தக்க சோதனை வேறொன்று உண்டு: முந்நூறு பக்க நாவல் ஒன்றை அகராதியை அதிகம் நாடாமல் பத்து நாள்களில் வாசித்து முடிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் ஓராண்டு தள்ளிப்போடுவதில் நட்டமில்லை.

எழுத்தாளராக வேண்டும் என்பவருக்கு இது உதவுமா?

வாசிப்பு வளரும், எழுதப் பயிற்றுவிக்க மாட்டார்கள். படைப்பெழுத்துக்கென்றே லைப்சிக்கிலும் ஹில்டஸ்ஹைமிலும் தனிப் படிப்புகள் உள்ளன.

தமிழ் தெரிந்திருப்பதால் இத்துறையில் ஏதேனும் செய்ய முடியுமா?

முடியும், அதற்கான இடம் இன்னும் நிறையவே இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய கிறித்தவ மதப்பணியாளர் சீகன்பால்கு தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும், தமிழ் ஓலைச்சுவடிகளும் அதே நகரின் ஃபிராங்கே அறநிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856இல் வெளியிட்டார். இவற்றை மதவரலாற்று ஆவணங்களாகப் பலர் பார்த்திருக்கிறார்கள். அக்கால ஜெர்மன் உரைநடையின் மாதிரிகளாகவும், மொழிபெயர்ப்பு உத்திகளின் சான்றுகளாகவும் பார்க்க இரு மொழியும் அறிந்தவர் தேவை. ஒரு நிபந்தனை: அக்காலக் கையெழுத்தான குரென்ட் எழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் அதற்குத் தனிப் பயிற்சி வகுப்பு உண்டு.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தபடி படிக்க இயலுமா?

டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் முழுமையான ஜெர்மன் துறைகள் உள்ளன. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் கற்பிக்கப்படுகிறது. மொழியை அடிப்படையிலிருந்து சொல்லித் தரும் வழி இங்கேதான் இருக்கிறது என்பதால், இளங்கலையை இங்கு முடித்துவிட்டு முதுகலைக்கு ஜெர்மனி செல்வதையே பெரும்பாலானவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

நேராக ஒரு வேலைக்குக் கொண்டுபோய்விடும் படிப்பு இது அல்ல. ஜெர்மானியர்களின் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் கவலைப்படுகிறார்கள். பதிப்பகம், நூலகம், ஊடகம், மொழிபெயர்ப்பு, பண்பாட்டு நிறுவனங்கள் என்று பலரும் பிரிந்து செல்வார்கள். அங்கே பள்ளி ஆசிரியராவதற்கு வேறு பாதை: இரண்டு பாடங்களைக் கொண்ட ஆசிரியர் கல்விப் பட்டமும், அதன் பின் பள்ளியில் நீண்ட செய்முறைப் பயிற்சியும் வேண்டும். அயலவருக்கு ஜெர்மன் கற்பிக்க விரும்புவோருக்கு ‘அயல்மொழியாக ஜெர்மன்’ என்ற அண்டைத் துறை பொருத்தமானது. லைப்சிக்கின் ஹெர்டர் நிறுவனம் அதில் பெயர்பெற்றது. தாயகம் திரும்பிக் கற்பிக்க நினைப்பவர் கெர்மானிஸ்டிக்கைவிட அதைத் தேர்வது அறிவுடைமை.

செலவும் விண்ணப்பமும்?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோக்களுக்குள் அடங்கும் பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. பாடன் வியூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஹைடல்பெர்க், டியூபிங்கன், ஃபிரைபுர்க் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். விசாவுக்காக, மாதந்தோறும் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற ‘முடக்கப்பட்ட’ வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோவாக இருக்கிறது. இது அவ்வப்போது உயர்த்தப்படும்.

பிளஸ் டூ மட்டும் முடித்த இந்திய மாணவர் பெரும்பாலும் நேரடியாகச் சேர முடியாது. ‘ஷ்டூடியன்கொல்லேக்’ எனப்படும் ஓராண்டு முன்தயாரிப்புப் படிப்பு, அல்லது இந்தியப் பல்கலைக்கழகத்தில் சில காலம் படித்த சான்று தேவைப்படும். இந்தியாவில் படித்தவர்களுக்கு, கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும் 2022 நவம்பர் முதல் கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் ‘யூனி-அசிஸ்ட்’ என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். அதற்கான கடைசி நாள் பல இடங்களில் ஜூலை 15. ஏ.பி.எஸ். சான்றிதழ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், அதற்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் இறுதிக்குள் அனுப்பிவிட வேண்டும்.